ஒரு குவளைத் தண்ணீரின் முன்னே

அன்றாடத்தில் அருள் – 9

மீஞ்சூரில் ஒரு குவளைத் தண்ணீர் எளிய பொருள் அல்ல. ஆரணியாறும் கொசஸ்தலையாறும் காலங்காலமாகக் கொண்டுவந்து சேர்த்த மணலுக்கடியில் நல்ல நீர் ஊறிய மண் இது. 1960-களில் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் ஆழ்குழாய்க் கிணறுகள் இறக்கப்பட்டன; அந்த நீர் சென்னைக்கும் ஆலைகளுக்கும் போனது. வயல்களும் மோட்டார் வைத்து இறைத்தன. ஊறியதைவிட எடுத்தது மிகுந்தபோது, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள்ளேயே கடல் நிலத்தடி வழியாக உள்ளே ஏறத் தொடங்கியது, கிணறுகள் உவர்த்தன. 2010-இல் பக்கத்துக் காட்டுப்பள்ளியில், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலை மீஞ்சூரின் பெயரைத் தாங்கி வந்தது; அந்த நீரும் முதன்மையாகச் சென்னைக்கே. இப்படிப்பட்ட ஊரில் ஒரு கிறிஸ்தவர் குவளையைக் கையில் எடுத்து, குடிக்குமுன் கண்மூடி ஸ்தோத்திரம் சொல்கிறார் என்றால், அந்த ஒரு கணத்தில் நடப்பது என்ன? பலர் அதை வெறும் பழக்கம் என்பார்கள். சிலர் மனத்தை ஆற்றிக்கொள்ளும் வழி என்பார்கள். நான் அதை ஓர் அறிதல் என்கிறேன். அமைதி அந்த அறிதலுக்கு இடம் கொடுக்கிறது. நன்றி அதன் கனியாக வருகிறது.

இதற்கு நம் மொழியே சான்று. திருக்குறளின் 11-ஆம் அதிகாரத்துக்குச் செய்ந்நன்றியறிதல் என்று பெயர். பழந்தமிழில் நன்றி என்றால் நன்மை. ஒருவர் செய்த நன்மையை நன்மையென்று உணர்ந்து மனத்தில் வைத்திருப்பதே அந்த அறம். வாயால் சொல்வது அதற்குப் பிறகுதான். கிறிஸ்தவத்தின் நடுவிலும் இதே சொல் நிற்கிறது. கத்தோலிக்கர் நற்கருணை என்றும் சீர்திருத்த சபையார் திருவிருந்து என்றும் அழைக்கும் சடங்கின் பழைய கிரேக்கப் பெயர் யூகரிஸ்தியா. அதன் பொருள் நன்றி செலுத்துதல். பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் கடிதம் அந்தச் சடங்கு பிறந்த நேரத்தையும் குறித்துவைக்கிறது. இயேசு அப்பத்தை எடுத்து நன்றி சொன்னது, தாம் காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில். வசதியான பொழுதில் பிறந்த நன்றி அல்ல அது. துரோகமும் மரணமும் வாசலுக்கு வந்துவிட்டன என்று தெரிந்த பின்னும், கையிலிருந்த அப்பம் நல்லது என்பதை அவர் மறக்கவில்லை.

"இதெல்லாம் நேரம் இருப்பவர்களுக்கு" என்ற மறுப்பு உடனே எழும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்து, மின்சார ரயிலில் நின்றபடியே தூங்கி வருபவருக்கு அமைதி எங்கே கிடைக்கும்? கிறிஸ்தவ மரபு அமைதியை மலைக்கும் வனத்துக்கும் மட்டும் எழுதிக்கொடுக்கவில்லை என்பதே முதல் பதில். 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடத்தில் இருந்த சகோதரர் லாரன்ஸ் முன்பு படைவீரர், கால் ஊனமுற்றவர். மடத்தில் அவருக்குக் கிடைத்தது சமையற்கட்டு. அந்த வேலை இயல்பிலேயே அவருக்குப் பிடிக்காதது. ஆனாலும் பாத்திரங்களின் ஓசைக்கு நடுவிலும், நற்கருணைக்கு முன் முழந்தாளிட்டிருக்கும்போது உணரும் அதே இறைபிரசன்னத்தை உணர்ந்ததாக அவர் சொல்லிவைத்தார். ஓசை ஓய்வதற்கு அவர் காத்திருக்கவில்லை. மூவேளை செபத்துக்கு அடிக்கும் கோயில் மணியும் இதே பாடத்தைத்தான் கற்பிக்கிறது. காலை, நண்பகல், மாலை என்று வேலையின் நடுவில்தான் அது ஒலிக்கிறது. ஆலைச் சங்கு மனிதரை வேலைக்கு அழைக்கிறது. இந்த மணி, வேலை செய்கிறவர் யார் என்பதை அவருக்கே நினைவூட்டுகிறது.

ஆனால் இந்தப் பதிலோடு நின்றால் அது பாதி உண்மைதான். லாரன்ஸ் துறவி, மடம் அவருக்குச் சோறிட்டது, வாடகையும் பள்ளிக் கட்டணமும் அவரைத் துரத்தவில்லை. உடல் ஓய்ந்தால்தான் உள்ளம் ஓயும் என்பது விவிலியத்துக்கும் தெரியும். உபாகமம் 5-ஆம் அதிகாரத்தில் ஓய்வுநாள் ஒரு கட்டளையாகவே வருகிறது. வேலைக்காரன், வேலைக்காரி, அந்நியன், மாடு, கழுதை என எல்லாரும் இளைப்பாற வேண்டும். நீங்களும் எகிப்தில் அடிமைகளாக இருந்தவர்கள்தானே என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். நம் நாட்டில் அந்த நாள் தானாக வந்துவிடவில்லை. பம்பாய் ஆலைத் தொழிலாளருக்கு ஞாயிறு விடுமுறை 1890-இல் கிடைத்தது, சமூகச் சீர்திருத்தவாதி பூலேயைப் பின்பற்றிய நாராயண் மேகாஜி லோகாண்டேயின் போராட்டத்தால். வட சென்னையில் 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது, மதிய உணவு இடைவேளை போதவில்லை என்பது ஆலைத் தொழிலாளரின் முக்கியக் குறைகளில் ஒன்று. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், ஐந்து மணி நேர வேலைக்குள் அரைமணி ஓய்வையும் வாரம் ஒரு விடுமுறையையும் எழுத்தில் வைத்தது. 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு எழுந்ததால் மே நாளன்று திரும்பப் பெறப்பட்டது. ஆகவே அமைதியை அருள் என்று போதிக்கிறவருக்கு, அடுத்தவரின் அரைமணியைக் காக்கும் கடமையும் உண்டு.

இதைவிடக் கூர்மையான மறுப்பு ஒன்று இருக்கிறது. நன்றி சொல்லப் பழகியவன் கேள்வி கேட்க மறந்துவிடுவான். அனல்மின் நிலையச் சாம்பலும் உவர்நீரும் சூழ்ந்த இடத்தில் நன்றியைப் போதிப்பது வாயை அடைப்பதாகாதா? இந்த அச்சம் நியாயமானது. துன்பப்படுகிறவரிடம் முறையிடாதே, நன்றி மட்டும் சொல் என்று கூறும் பிரசங்கங்கள் உண்டு. அவை விவிலியத்தில் பாதியைக் கிழித்து எறிகின்றன. சங்கீத நூலில் புகழ்ச்சிக்கு இணையாக முறையீடும் நிறைந்திருக்கிறது. இருளிலேயே முடிந்துவிடும் 88-ஆம் சங்கீதத்தையும் யூதரும் கிறிஸ்தவரும் வழிபாட்டு நூலிலிருந்து நீக்கவில்லை. நன்றி அறிதலாக இருந்தால் அது வாயை அடைக்காது. நீர் நல்லது என்று ஆழமாக அறிந்தவருக்குத்தான் அது உவர்ப்பாக மாறியதன் இழப்பு முழுதாக உறைக்கும். நன்றி கடவுளுக்கு உரியது. பறித்தவருக்கு அதில் பங்கில்லை. கொடையென்று உணராதவர் அதைச் சரக்கென்று பார்ப்பார். சரக்கு தீர்ந்தால் வேறிடம் தேடுவார். கொடையென்று அறிந்தவரோ அதைக் காக்க நிற்பார்.

கடவுள் இல்லாமலே இதைச் செய்யலாமே என்று கேட்பவர்களும் உண்டு. 2003-இல் அமெரிக்க உளவியலாளர்கள் எம்மன்ஸும் மெக்கல்லோவும் வெளியிட்ட ஆய்வில், நன்றிக்குரியவற்றைப் பட்டியலிட்டவர்கள், தொல்லைகளைப் பட்டியலிட்டவர்களைவிடத் தங்கள் வாழ்வை நிறைவாக உணர்ந்தனர். அந்தப் பயனை நான் மறுக்கவில்லை. நம்பிக்கையில்லாதவரும் அதை மனமாரப் பெறலாம். ஆயினும் என் நலனுக்காக நான் சொல்லும் நன்றி என்னைச் சுற்றியே வட்டமிடக்கூடும். கிறிஸ்தவ நன்றிக்கு ஒரு முகம் எதிரே உண்டு. அந்த முகம், தாகத்தோடு நிற்பவரின் முகமாகவே வரும் என்று மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரம் எச்சரிக்கிறது. பெற்றவன் கொடுக்க வேண்டியவனாகிறான். அவன் அமைதி அவனோடு முடிவதில்லை.

எனவே இந்த வாரத்துக்கு ஒரு சிறிய பயிற்சி போதும். குழாயில் வந்ததோ, கேனில் வாங்கியதோ, தண்ணீரை உதட்டில் வைக்குமுன் சில விநாடிகள் நில்லுங்கள். இது எங்கிருந்து வந்தது, யார் யார் கை பட்டு வந்தது, இன்று யாருக்குக் கிடைக்கவில்லை என்று மூன்றையும் மனத்தில் ஓடவிடுங்கள். பிறகு ஸ்தோத்திரம் சொல்லுங்கள். முதல் இரண்டையும் அறிந்து சொன்னால் அது நன்றி. மூன்றாவதையும் அறிந்து சொன்னால் அது ஜெபம்.

(தொடரும்)