முருகை காத்த ஒன்பது நாள்

யாழ்ப்பாணத்திலே பிறந்தார்க்கு முருகைக்கல் புதிய பொருளன்று. பழைய மதில்களிலும் கிணற்றுக் கட்டுகளிலும் கோட்டைச் சுவரிலும் அதனைக் கண்டே வளர்ந்தோம்; சுட்டுச் சுண்ணாம்பாக்கி வெற்றிலையோடும் மென்றோம். அக்கல் ஓர் உயிர் கட்டிய கூடு என்பதை நூலிற் படித்திருந்தேன். அவ்வுயிரை வீட்டுக் கூடத்திலே கண்ணாடித் தொட்டியில் இட்டு வளர்ப்பாரும் உளர் என்பதை 2019 ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் இலண்டனுக்குச் சென்றபோதே நேரிற் கண்டேன்.

இங்கே ஒரு சொல். நம் புலவர் துகிர் என்றும் பவளம் என்றும் போற்றிய செம்மணி வேறு, நான் கூறப்போகும் முருகை வேறு. பண்டை வணிகர் நம் துறைகளுக்குக் கொணர்ந்த செம்பவளம் மத்தியதரைக் கடலின் இருண்ட பாறைப் பிளவுகளில் வளர்வது. வெப்பக் கடல்களிற் பார் அமைக்கும் முருகையோ வெயிலை நாடுவது. அதன் தசைக்குள்ளே நுண்ணிய அல்காக்கள் குடியிருந்து, ஒளியைக் கொண்டு உணவாக்கி, வீட்டுக்காரனுக்கு வாடகை கொடுப்பதுபோலப் பெரும்பங்கை அளித்துவிடுகின்றன. தொல்காப்பியர் உயிர்களை அறிவின் வகையாற் பகுத்தார். விலங்குக்குள்ளே பயிர் குடியிருக்கும் இவ்வுயிரை எவ்வரிசையில் வைத்திருப்பாரோ என்று நான் வியந்ததுண்டு.

என்னை வரவேற்று வீட்டில் வைத்திருந்தவர் என் பழைய மாணாக்கர். வகுப்பிலே புணர்ச்சி விதி பத்துமுறை சொன்னாலும் பதினோராம் முறை மறந்து நிற்பவர். அவர் வைத்திருந்த தொட்டி 250 லீற்றர் நீர் கொள்வது. அதிலிருந்தவையெல்லாம் வளர்ப்போரிடம் துண்டாகப் பெற்றவை, கடலினின்றும் பெயர்த்தவையல்ல. வந்த அன்று மாலையே எனக்குப் பாடம் தொடங்கிற்று.

"ஐயா, உங்கட பிரவேசம், பாலபண்டிதம், பண்டிதம் மாதிரித்தான் இதுவும்" என்றார்.

அடித்தளத்து மங்கலொளியில் இருந்தன காளான் முருகைகளும் தோல் முருகையும். இவை மெல்லுடலின, கல்லெலும்பு கட்டுவதில்லை. நீர் சற்று அழுக்குற்றாலும் பொறுக்கும். இது பிரவேச வகுப்பு. நடுப்படியிலே யூபில்லியா என்பது தீப்பந்தம்போல நீண்ட உணர்கொம்புகளை அசைத்துக்கொண்டிருந்தது. பெரிய பொலிப்புகளையுடைய கல்முருகை அது. நீரிலே கல்சியமும் காரமும் குறையாதிருத்தல் வேண்டும். மேற்படியிலே, விளக்கின் நேர்கீழே, மான்கொம்புபோலக் கிளைத்த அக்ரொபோரா. சிறு பொலிப்பின, விரைந்து வளர்வன, வளருந்தோறும் நீரிலுள்ள கல்சியத்தையும் காரத்தையும் உறிஞ்சுவன. ஒரு லீற்றரில் 420 மில்லிகிராம் அளவிற் கல்சியம் நிற்க வேண்டும் என்று, நாள்தோறும் துளித்துளியாக மருந்து விடுவார். அதுவே பண்டித வகுப்பு.

ஆயினும் இவ்வரிசையை முழுதும் நம்புதல் கூடாது. கோனியோபோரா என்பது பூச்சாடிபோல அழகியது; பெரும்பொலிப்பினங்களோடு எண்ணப்படுவது; ஆகவே நடுத்தரம் என்று வாங்கியவர்களின் தொட்டிகளில் சில மாதம் செழித்துப் பின் சுருங்கி மடிவதே நெடுங்காலம் அதன் வழக்கமாயிருந்தது. சிறு இரை ஊட்டவேண்டும் என்பது தெளிந்தபின்னரே பலர் கையில் அது நிலைத்தது. சூரிய முருகையோ பெயருக்கு மாறாக வெயிலே வேண்டாதது. உடலில் அல்கா இல்லாமையால் அதற்கு வாய்வாயாக ஊட்டவேண்டும். எளியவை என்பனவற்றுள்ளும் வஞ்சகம் உண்டு. சோவாந்திட்டு என்னும் பொத்தான் வடிவினவற்றுட் சில கொடிய நஞ்சுடையன. வெறுங்கையால் அவற்றை வெட்டுதல் ஆகாது. தோல் முருகை சாதுவாக இருந்துகொண்டே, அயலிலுள்ள கல்முருகையை வாட்டும் பொருள்களை நீரிற் கசியவிடும். இத்தகைய அயலாரை மனிதரிலும் கண்டிருக்கிறோம்.

பத்தாம் நாள் மாணாக்கர் குடும்பத்தோடு வெளியூர் போகவேண்டியதாயிற்று. தொட்டியில் நீர் குறையும்போது தானே நிரப்பும் பொறி அவ்வேளை பழுதுபட்டிருந்தது. புறப்படும்போது, "ஐயா, நாளுக்கு நாலு லீற்றர் அளவில் குறையும். வெள்ளைப் பீப்பாய்த் தண்ணியைக் கோடுமட்டும் விடுங்கோ. நீலத்தைத் தொடவேண்டாம். சூரிய முருகைக்கு இரவில் தீன் குடுங்கோ" என்று சொல்லிச் சென்றார்.

நான் இரு பீப்பாய் நீரையும் நாவில் விட்டுப் பார்த்தேன். வெள்ளைப் பீப்பாயில் இருந்தது நன்னீர். நீலத்தில் இருந்தது உவர்நீர். தொட்டியிலிருப்பது கடல்நீர், குறைவது கடல்நீர், எனவே விடவேண்டியதும் கடல்நீரே என்று துணிந்தேன். பையன் அவசரத்தில் நிறத்தை மாற்றிச் சொன்னான் போலும் எனக் கருதி, அவனுடைய கட்டுரைகளைத் திருத்தியதுபோல அவன் கட்டளையையும் திருத்தினேன்.

சிறு வயதில் ஆனையிறவு உப்பளத்தைக் கடந்து எத்தனை முறை சென்றிருப்பேன்! வெயில் நீரைக் கொண்டுபோகும், உப்பு நின்றுவிடும் என்பதை வகுப்பிலே எத்தனை ஆண்டு உவமையாக எடுத்தாண்டிருப்பேன்! அவ்வறிவு அந்தக் கூடத்தில் எனக்கு உதவவில்லை.

ஒன்பது நாளும் குறைவின்றிக் கடமை செய்தேன். இரவுதோறும் சூரிய முருகையின் முப்பதுக்கு மேற்பட்ட வாய்களுக்கும் குழாய்த் துளியால் இரை வைத்தேன். அது ஒரு மணிநேர வேலை. ஐந்தாம் நாள் தோல் முருகை பொலிப்புகளை உள்ளிழுத்து மெழுகு பூசியதுபோலாயிற்று. அவ்வாறு மூடித் தோலுரிப்பது அதன் இயல்பு என்று கேட்டிருந்ததால் அஞ்சவில்லை. ஏழாம் நாள் யூபில்லியா கொம்பைச் சுருக்கிக்கொண்டது. எட்டாம் நாள் காலை அக்ரொபோராவின் அடிக்கிளை வெண்மையாகத் தெரிந்தது. புதுத்தளிர் என்று மகிழ்ந்தேன். அது எலும்பு. தசை அடியிலிருந்து உரிந்துகொண்டு மேலே போயிருந்தது.

மாணாக்கர் வந்தவுடன் உவர்ப்புமானியால் அளந்தார். ஆயிரம் பங்குக்கு 35 ஆக இருக்கவேண்டியது 40 ஆகி நின்றது. என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். உப்பையும் உடனே இறக்கவில்லை. "இறக்கத்திலயும் அவசரம் கூடாது, ஐயா" என்று நாள்தோறும் சிறிது சிறிதாக நன்னீர் சேர்த்தார்.

நான் வியந்தது யாதெனில், செங்கடலின் நீர் இயல்பாகவே 40 அளவு உவர்ப்புடையது. ஆங்கே அக்ரொபோரா காடாகச் செழிக்கிறது. ஆகவே அதனைக் கொன்றது உப்பின் அளவன்று. ஒன்பது நாளில் ஏறிய ஏற்றம். காளான் முருகையோ ஒன்றும் நிகழாததுபோல் இருந்தது. தோல் முருகை உரித்துவிட்டு மறுவாரம் விரிந்தது. யூபில்லியா ஒரு தலையை இழந்து பிழைத்தது. மிகுந்த உழைப்பு வாங்கிய சூரிய முருகை சாகவில்லை. நான் கையே வைக்காத மான்கொம்புதான் செத்தது. உழைப்பு மிகுதி வேறு, அருமை வேறு என்று அன்று தெளிந்தேன். கடலிலும் இவ்வரிசையைக் காணலாம். 1998 ஆம் ஆண்டு கடல் சூடேறி நம் நாட்டு முருகைப் பார்கள் வெளிறியபோது, கிளைத்து வளரும் இனங்களே பெரிதும் மாண்டன. உருண்டு திரண்டு மெல்ல வளர்வனவற்றுட் பல தப்பின.

என் மனம் தேறட்டும் என்று போலும், அடுத்த வாரம் தென்கிழக்கு இலண்டனிலுள்ள ஹோர்ணிமன் நூதனசாலைக்கு அழைத்துச் சென்றார். அங்குள்ள ஆய்வாளர்கள், முருகையின் சொந்தக் கடலில் ஞாயிறு எழும் நேரம், மாதந்தோறும் நீரின் வெப்பம், திங்களின் வளர்வும் தேய்வும் ஆகியவற்றை அறைக்குள்ளே அப்படியே நிகழ்த்தி, அக்ரொபோராவை முட்டையிடச் செய்தவர்கள். நான் ஒன்பது நாளில் கொன்றதை அவர்கள் இனம்பெருக்கச் செய்திருக்கிறார்கள். 1961 இல் ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் உயிர்ப்பாறையும் காற்றுக் குமிழியும் வெயிலும் கொண்டே முருகை வளர்த்து அம்முறையை எழுதி வெளியிட்டார் என்பதையும் மாணாக்கர் வழியில் சொன்னார். ஆயினும் அவர் வெப்பக் கடலின் அருகிருந்தவர் என்பதை நான் நினைவூட்டினேன்.

வீடு திரும்பியதும் அவர், இறந்த கிளைகளின் உயிர்நுனிகளைக் குறடால் ஒடித்து, சிறு கற்களில் ஒட்டித் தொட்டியின் ஓரத்தில் வைத்தார். ஏழு துண்டுகள். நான் நாடு திரும்பிய மறு தைமாதத்தில் புகைப்படம் ஒன்று வந்தது. இரண்டு துண்டுகள் பிழைத்துப் புதுக்கிளை விட்டிருந்தன. படத்தின் ஓரத்தில் நீலப் பீப்பாயும் தெரிந்தது, அதன்மேல் தமிழில் எழுதி ஒட்டியிருந்தார்: "உவர்நீர். ஐயா தொடற்க."

எதிர்மறை வியங்கோளைப் பிழையின்றி ஆண்டிருந்தார்.