இளைப்பாறியோர் அடுக்களை

பாடசாலை மணிக்கு முப்பதாண்டு பழகிய வயிறு, இளைப்பாறிய பின்னரும் அதே வேளையிற் பசிக்கின்றது. ஐம்பத்தைந்து நிறைந்ததும் விரும்பி ஓய்வு பெற்ற எமக்கும், எழுபதைக் கடந்த நண்பர்க்கும் இஃது ஒக்கும். பசி தவறாது வருகின்றது. உடனிருந்து உண்பாரைத்தான் காணோம். பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் உளர். இல்லாளை இழந்தோரும் பலர்.

யாழ்ப்பாணத்து அடுக்களை ஒருவர்பொருட்டு அமைந்ததன்று. பனையோலையால் இழைத்த நீற்றுப்பெட்டியிலே ஒருவர்க்கு வேண்டிய மாவை இட்டால் அதன் அடியும் மறையாது. சொதிக்குப் பாதித் தேங்காய் போதும். மற்றைப் பாதி மறுநாள் மணங்கெடும். ஒடியற் கூழோ பெரும்பானையிற் காய்ச்சிப் பலர் வட்டமாயிருந்து பருகுவது. ஒடியல் மாவை நீரில் ஊறவைத்துப் பிழிந்து கைப்பகற்றும் பாட்டினைத் தம் ஒரு வயிற்றுக்காக மேற்கொள்வார் யாவர்? ஆதலின் மாலையிற் பாணும் வாழைப்பழமுமே பலர்க்கு உணவாகின்றன.

இரவிலே தொலைபேசியில் மகள், "அப்பா, என்ன சாப்பிட்டீங்கள்?" என்று கேட்பாள். "பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும்" என்று விடை போகும். வள்ளுவர் வாய்மை அதிகாரத்திலே சிலவகைப் பொய்க்கு இடங்கொடுத்தாரே, இஃது அதனுள் அடங்குமோ என்று நண்பரொருவர் எம்மை வினவினார். அடங்காது என்றோம். அப்பொய்யினால் மகளுக்கு அன்றிரவு உறக்கம் வரும்; தந்தைக்கோ உடல் தேயும். குற்றமற்ற நன்மையென்று அதனை எங்ஙனங் கொள்வது? நண்பர் சிரித்தார், ஆயினும் மறுநாளும் அவ்விடையையே சொன்னார் என அறிந்தோம்.

பிட்டென்றவுடன் திருவிளையாடற் புராணத்து வந்தி நினைவுக்கு வருகின்றாள். வைகை பெருகிற்று; கரையடைக்க வீடுதோறும் ஆள்வேண்டும் என்றான் பாண்டியன். ஆளில்லாத அம்முதியவளுக்காக இறைவன் பிட்டைக் கூலியாகப் பெற்று மண் சுமந்தான். வகுப்பிலே இக்கதையைச் சொல்லுங்கால், பிரம்படி எல்லார் முதுகிலும் பட்ட இடமே பிள்ளைகளுக்கு உவப்பாயிருக்கும். இப்பொழுது எமக்கு அவள் அடுப்பே பெரிதாகத் தோன்றுகின்றது. துணையற்றவளாயினும் நாடோறும் அடுப்பு மூட்டினாள். விற்றற்பொருட்டேயாயினும், அவள் அவித்தது பிறர் உண்ணுதற்கன்றோ?

2022ஆம் ஆண்டு இவ்வடுக்களைகளை மேலும் ஒடுக்கியது. அவ்வாண்டு செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தை எட்டிற்று. ஓய்வூதியம் அங்ஙனம் உயரவில்லை. எரிவாயு உருளைக்கு மக்கள் வரிசையில் நின்று வாடினர். எம் ஒழுங்கையிலே தனித்திருந்த முதியோர் மூவர், விறகு மிச்சம்பிடிப்பான் வேண்டி ஒரு வீட்டு அடுப்பையே பொதுவாக்கிக்கொண்டனர். ஒருவர் தேங்காய் துருவினார். ஒருவர் முருங்கையிலை உருவினார். முன்னாளிற் கணக்காசிரியராயிருந்தவர் உப்புப் பார்த்தார். அவர்தம் மேனியிற் சிறிது தெளிவு வந்ததை யாம் கண்டோம். எரிவாயு தாராளமாய்க் கிடைத்த பின்னர் அடுப்புகள் பழையபடி மூன்றாயின. வறுமை கூட்டிவைத்ததை வசதி பிரித்தது வருந்தத்தக்கதே.

எனினும் ஆடிப்பிறப்பு அவர்க்குப் பொதுவாக நின்றுவிட்டது. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் (1878-1953) அந்நாளைச் சிறுவர் பாட்டாக்கினார். பாடுதற்குரிய சிறுவர் அவ்வீட்டில் ஒருவருமிலர். சென்ற முறை எம்மையும் அழைத்தனர். அரிசிமாவும் பயறும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து கொதிக்க, நீரிழிவுடையார் இருவர் இருந்தமையாற் பனங்கட்டியைப் பாதியாகக் குறைத்தோம். பலாவிலை கோலிக் குடித்தோம். இரண்டாம் முறை கூழ் வார்க்கையில் முதலிற் கிண்ணம் நீட்டியவர் அவ்விருவருமே.