உங்களுக்குத் தெரியுமா? புச்சினியின் போர்க்காலக் கடிதங்கள்

● 'லா போஎம்', 'டோஸ்கா' ஓபராக்களைத் தந்த இத்தாலிய இசையமைப்பாளர் ஜியாகோமோ புச்சினி (1858–1924) ஓயாமல் கடிதம் எழுதியவர். ஆயிரக்கணக்கில் எழுதியதால் அவை இன்றும் ஏலத்துக்கு வந்துகொண்டே இருக்கின்றன. வாங்க நினைப்பவர் முதலில் தேதியைப் பார்க்க வேண்டும். 1915 மே முதல் 1918 நவம்பர் வரை என்றால், இத்தாலி முதல் உலகப் போரில் இருந்த காலம். அந்தக் கடிதத்துக்குத் தனி மதிப்பு உண்டு.

● காரணம், போர் அவரை இரண்டு பக்கமும் இழுத்தது. போருக்கு முன்பே வியன்னாவின் கார்ல் தியேட்டருக்கு ஒரு படைப்பு எழுதித்தர ஒப்புக்கொண்டிருந்தார். 1915இல் இத்தாலி ஆஸ்திரியாமீது போர் தொடுத்தது. எழுதச் சொன்னவர்கள் எதிரி நாட்டவர் ஆகிவிட்டார்கள். ஒப்பந்தத்தை மாற்றியமைக்க மாதக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. ஒருவழியாக, போரில் சேராத மொனாக்கோவின் மான்டே கார்லோவில் 1917 மார்ச் 27 அன்று அந்தப் படைப்பு 'லா ரொந்தினே' என்ற ஓபராவாக அரங்கேறியது. அப்போதும் வசை நிற்கவில்லை. இது எதிரியின் சரக்கு என்று பாரிஸிலிருந்து பத்திரிகையாளர் லியோன் தோதே எழுதினார். காயம்பட்ட பிரெஞ்சு வீரர்களுக்காக 'டோஸ்கா'வின் ஓராண்டு ராயல்டியைக் கொடுத்த மனிதரை இப்படித் தாக்கியது அநியாயம். வியன்னாவில் அந்த ஓபரா 1920இல்தான் மேடையேறியது.

● கடிதத்தோடு உறையும் கிடைத்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். போர்க்காலத்தில் வெளிநாட்டுத் தபாலைத் தணிக்கையாளர்கள் பிரித்துப் படித்து, மறுபடி ஒட்டி, முத்திரை குத்தி அனுப்பினார்கள். அந்த முத்திரை காலத்துக்குச் சாட்சி.

● போர் ஓய்ந்து ஒரு மாதம் கழித்து, 1918 டிசம்பர் 14 அன்று, அவருடைய 'இல் த்ரித்திகோ' நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஓபராவில் அரங்கேறியது. கடலில் கண்ணிவெடி பயம் தீராத நேரம். தன் படைப்பின் முதல் நாளுக்கு அவரால் போக முடியவில்லை.

● அவருடைய எழுத்து கோழி கிளறியது போல இருக்கும். படிக்கத் தெரிந்தவரின் உதவி தேவைப்படலாம். படத்தோடு கூடிய அஞ்சலட்டைகளில் இன்னும் கவனம் தேவை: சிலவற்றில் கையெழுத்தும் அச்சிட்டதாகவே இருக்கும். பூதக்கண்ணாடியில் மை படிந்த தடம் தெரிகிறதா, புள்ளிகளாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.

● கடிதத்தில் சில இசை வரிகளையும் அவரே எழுதியிருந்தால் விலை எகிறிவிடும். ஆனால் ஒப்பந்தச் சிக்கலைப் பற்றிப் பேசும் சாதாரணக் கடிதம்தான் என் கண்ணுக்குப் பெரிது.

● புச்சினியின் கடிதங்களை மொத்தமாகத் திரட்டும் இத்தாலியத் தேசியப் பதிப்பின் முதல் தொகுதி 2015இல் வந்தது. ஏலத்தில் வாங்குபவர் ஒரு நகலை ஆய்வாளர்களுக்குக் கொடுத்தால், பெட்டிக்குள் போகும் கடிதமும் அந்தத் தொகுப்பில் இடம்பெற வழி உண்டு.