பந்தும் படிப்பும்



கிண்டியில் நமது மருத்துவமனை மாலை வேளைகளில் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பயிற்சி கொடுத்து வருவதை அறிவீர்கள். "மருந்துக்கென்று கொடுத்த காணிக்கையில் பந்தும் வலையும் வாங்கலாமா?" என்று ஒரு சபையார் எழுதிக் கேட்டிருந்தார்கள். கேட்கவேண்டிய கேள்விதான்.

சிறுவர் பிரிவுக்கு வரும் தாய்மார் பலர் சொல்வது ஏறக்குறைய ஒன்றே. "பத்தாவது வந்துட்டான் டாக்டர், விளையாட்டை நிறுத்திட்டோம். ஆனாலும் புத்தகத்துல மனசு நிக்கமாட்டேங்குது." பள்ளியிலும் அந்த வருஷம் விளையாட்டுப் பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வது பழகிப்போன காரியம். மாலையானால் டியூஷன்.

மனது நிற்பதற்கு மூளையில் சில வேலைகள் நடக்கவேண்டும். சட்டென்று எழும் எண்ணத்தை அடக்குவது ஒன்று. கேட்டதை மனதில் பிடித்துவைத்து அதைக்கொண்டே அடுத்த அடியை யோசிப்பது மற்றொன்று. நிலைமை மாறினால் யோசனையையும் மாற்றிக்கொள்வது மூன்றாவது. இவற்றைப் பெரும்பாலும் நடத்துவது நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப்பகுதி. இருபது வயதுக்கு மேலும் அது வளர்ந்து முதிர்கிறது. ஆகவே பள்ளிப் பருவத்தின் பழக்கங்கள் அதற்கு முக்கியம்.

ஓட்டமும் நீச்சலும் ஒரு வகை. பாதை தெரியும், வேகம் நம் கையில். இருதயமும் நுரையீரலும் பலப்பட்டு மூளைக்கு இரத்த ஓட்டம் பெருகுகிறது. அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் 7 முதல் 9 வயதான 221 பிள்ளைகளைக்கொண்டு ஒரு சோதனை நடத்தி, 2014இல் வெளியிட்டார்கள். ஒன்பது மாதம் பள்ளி முடிந்தபின் ஓடியாடியவர்கள், கவனம் சிதறாமல் காப்பதிலும் யோசனையை மாற்றிக்கொள்வதிலும் மற்றவர்களைவிட அதிகம் முன்னேறினார்கள்.

பூப்பந்து, கூடைப்பந்து, கபடி ஆகியவை வேறு வகை. பந்து எங்கே வரும் என்று முன்கூட்டித் தெரியாது. ரெய்டு போகிற பையன் மூச்சுவிடாமல் பாடிக்கொண்டே ஏழு பேரின் கால்களையும் கவனிக்கவேண்டும். பாய நினைத்தவன் கடைசி நொடியில் நிற்கவும் வேண்டும். மேலே சொன்ன மூன்று வேலைகளும் இங்கே ஒருங்கே நடக்கின்றன. இவ்வகை ஆட்டக்காரர்கள் அப்படிப்பட்ட சோதனைகளில் சற்று மேலாகச் செய்வதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஆனால் கூர்மையான பிள்ளைகளே அந்த ஆட்டங்களைத் தேடிப் போகிறார்களோ என்ற சந்தேகமும் உண்டு, வித்தியாசமும் பெரிதல்ல. பூப்பந்து ஆடினால் மார்க்கு கூடும் என்று நாங்கள் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை.

பயிற்சி கொடுக்கும் விதமும் முக்கியம். புதுச்சேரி ஜிப்மர் ஆய்வாளர்கள் 12 முதல் 17 வயதுள்ள 400க்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளை இரு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஒழுங்குபடுத்திய பயிற்சி. மறு குழு இஷ்டம்போல் ஆடியது. 2015இல் வெளியான முடிவின்படி, ஒழுங்கான பயிற்சி பெற்றவர்களே சிந்தனைச் சோதனைகளில் அதிகம் முன்னேறினார்கள். பந்தை வீசிவிட்டு "ஆடுங்கள்" என்று போய்விடாமல், பயிற்சியாளர் ஒருவரை வைத்திருப்பதற்குக் காரணம் இதுவே.

இந்த எண்ணம் நம் சபைகளுக்குப் புதிதல்ல. கூடைப்பந்தை 1891இல் ஜேம்ஸ் நைஸ்மித்தும், கைப்பந்தை 1895இல் வில்லியம் மார்கனும் உருவாக்கினார்கள், இருவரும் ஒய்.எம்.சி.ஏ. ஊழியர்கள். கிண்டியிலிருந்து அடையாற்றுப் பாலம் தாண்டிச் சைதாப்பேட்டை வழியாகப் போனால் நந்தனத்தில் நிற்கிறது ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. 1920இல் அதைத் தொடங்கிய ஹாரி குரோ பக், 1924 பாரீஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை அழைத்துச் சென்றவர். ஆவி, மனம், சரீரம் என்ற மூன்றையும் குறிக்கும் அந்தச் சங்கத்தின் முக்கோணத்தை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். தெருக்கள் நிறையப் பிள்ளைகள் விளையாடும் எருசலேமை சகரியா தீர்க்கதரிசி எட்டாம் அதிகாரத்தில் காட்டுகிறார். நம் தெருக்களிலோ வண்டிகள்தான் நிறைந்திருக்கின்றன!

5 முதல் 17 வயதினர் தினம் சராசரி 60 நிமிடமாவது உடலுக்கு வேலை கொடுக்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பரீட்சை வருஷத்துக்கு அதில் விலக்கு இல்லை. தாய்மாரிடம் முழு மணி நேரம் கேட்டால் தயங்குகிறார்கள். டியூஷனுக்கு முன் அரைமணி என்றால் பலர் சம்மதிக்கிறார்கள். அதில் பத்து நிமிடம் ஓட்டம், மீதி பந்து ஆட்டம்.

மருந்துக்கென்று குறித்து அனுப்பிய காணிக்கை மருந்துக்கே போகிறது. விளையாட்டுக்குத் தனிக் கணக்கு வைத்திருக்கிறோம். பயிற்சியாளரின் சம்பளமே அதில் பெரிய செலவு. இப்போது தேவைப்படுவது பெண் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சியாளர். பத்து வயதைத் தாண்டியதும் அவர்களில் அநேகர் நின்றுவிடுகிறார்கள். பெண் ஒருவர் மைதானத்தில் நின்றால் அனுப்புவோம் என்று பெற்றோர் எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். தகுதியான சகோதரி உங்கள் சபையில் இருந்தால் எழுதுங்கள்.