காணாக் காசு – 14
மளிகைக்கடைப் புள்ளிகள் தப்பிய கதை

2018-இல் ரிசர்வ் வங்கி, பிட்காயின் போன்ற கிரிப்டோ நாணய வர்த்தகத்துக்கு வங்கிக் கதவைச் சாத்தியது. 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் திறந்துவிட்டது. முன்கதை அவ்வளவுதான். விவரம் வேண்டுவோர் பழைய இதழ்களைப் புரட்டிக்கொள்க.

இந்த வாரம் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். 2025 அக்டோபரில், கிரிப்டோவும் சொத்துதான் என்றார் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ். அதில் வருமான வரிச் சட்டத்தின் 2(47ஏ) பிரிவைச் சுட்டியிருக்கிறார். அது என்ன என்று பார்க்கப் போனவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

2022 பட்ஜெட்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி போட்டார். வரி போட, பொருள் இன்னதென்று சொல்ல வேண்டுமே? அதற்காக முளைத்ததுதான் இந்தப் பிரிவு. நம் நாட்டுப் பணமாகவோ வெளிநாட்டுப் பணமாகவோ இல்லாமல், மதிப்போடு மின்னணு முறையில் கைமாறக்கூடிய தகவல், குறியீடு, எண், டோக்கன் எதுவானாலும் 'மெய்நிகர் டிஜிட்டல் சொத்து' என்று வளைத்துப் போட்டார்கள். பிட்காயின் அகப்பட்டது, சரி. பரிசு வவுச்சர்? விமானக் கம்பெனி தரும் மைல் கணக்கு? எங்கள் வீட்டம்மா சூப்பர் மார்க்கெட் கார்டில் பொத்திப் பொத்திச் சேர்த்துவரும் புள்ளிகள்?

சிரிக்காதீர்கள், டெல்லிக்கே அந்தச் சந்தேகம் வந்துவிட்டது. கிரிப்டோ விற்பனைத் தொகையில் 1 சதவீதத்தை டி.டி.எஸ். என்று முன்கூட்டியே வரியாகப் பிடிக்கும் விதி 2022 ஜூலை 1-இல் அமலுக்கு வர இருந்தது. அதற்கு முந்தின நாள், நேரடி வரிகள் வாரியம் ஒரு அறிவிக்கை வெளியிட்டது: பரிசு அட்டை, வவுச்சர், மைல் கணக்கு, வெகுமதிப் புள்ளி, இணையதளச் சந்தா எல்லாவற்றுக்கும் விலக்கு!

ஆடிட்டர் நண்பரிடம் இதைச் சொன்னால் அவருக்கு ஆச்சரியமே இல்லை. "இதைக் கேளுங்க சார். ஒரு கிரிப்டோவைக் கொடுத்து இன்னொண்ணை வாங்கினா, வாரியத்தோட சர்க்குலர்படி ரெண்டு பேருமே வாங்கினவங்க, ரெண்டு பேருமே வித்தவங்க. ரெண்டு பக்கமும் டி.டி.எஸ்.!"

நஷ்டக் கணக்கு இன்னும் மோசம். பிட்காயினில் ஒரு லட்சம் லாபம், ஈதர் என்ற இன்னொரு கிரிப்டோவில் ஒரு லட்சம் நஷ்டம் என்றால் கையில் நிற்பது பூஜ்யம். வரியோ 30,000 ரூபாய், செஸ் தனி. ஒன்றின் நஷ்டத்தை மற்றதன் லாபத்தில் கழிக்க முடியாது. லாட்டரிப் பரிசுக்கும் இதே 30 சதவீதம்தான். 2003-இல் லாட்டரியை ஒழித்த தமிழ்நாட்டில், வேறு பெயரில் அதே விகிதத்தைக் கட்டுகிறார்கள் இளைஞர்கள்.

இத்தனைக்கும், வரி போட்டதாலேயே கிரிப்டோ சட்டபூர்வமாகிவிடாது என்று மாநிலங்களவையிலேயே சொன்னார் அமைச்சர். வசூலுக்கு மட்டும் இவ்வளவு துல்லியமாகச் சட்டம் எழுதத் தெரிந்தவர்கள், போட்ட பணத்துக்குப் பாதுகாப்பு என்றதும் பேனாவை மூடிவிடுகிறார்கள். பல வாரமாக நான் புலம்புவதும் இதைத்தான்.

பக்கம் தீர்ந்துவிட்டது. ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்த அந்த வழக்கில், 3,532 எக்ஸ்.ஆர்.பி. கிரிப்டோ காயின்களுக்காக ஒரு முதலீட்டாளர் சென்னையில் வழக்காடியதும், நடுவர் மன்றம் சிங்கப்பூரில்தான் என்று எதிர்த்தரப்பு மல்லுக்கு நின்றதும் அடுத்த வாரம்.