கரி நிலமும் கண்மாய் வண்டலும்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரங்களில் செம்மண் நிலத்தை உழுவோர், கோடையில் கண்மாயிலிருந்து வெட்டியெடுக்கும் கறுத்த வண்டலைப் பெரிதும் மதிப்பர். அது நியாயமே. ஆயினும் கறுத்த மண் யாவும் மட்கு நிறைந்தது என்றோ, மட்கு நிறைந்ததெல்லாம் நல்ல மண் என்றோ எண்ணுதல் சரியன்று.

கேரளத்தின் குட்டநாட்டில் புறக்காடு, வைக்கம் பகுதிகளில் 'கரி நிலம்' என்றொரு வகை உண்டு. மட்கு ஏராளம், எனினும் அங்கு நெல் விளைவிப்பது எளிதன்று. அது உண்டான விதம் அறியத்தக்கது. சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் உயர்ந்து ஒருவாறு நிலைத்தபின், கரையோரத் தாழ்நிலங்களில் ஆற்றுச் சேறு படிந்து, சதுப்பில் மரங்கள் அடர்ந்தன. வீழ்ந்த மரமும் இலையும் நீரிலேயே கிடந்தன. தேங்கிய நீரினுள் காற்றுப் புகாது. காற்றின்றேல் நுண்ணுயிர்களின் வேலை மந்தப்படும். ஆகவே வீழ்வது மிகுந்து, அழிவது குறைந்து, அடுக்கடுக்காய்ச் சேரும். குட்டநாட்டு வயல்களைத் தோண்டுகையில் முழு மரக்கட்டைகளே வெளிப்படுவதுண்டு. கொழும்புக்கு வடக்கே முத்துராஜவெலயிலும், நகரத்தார் பலர் தொழில் நடத்திய மலாயாவின் மேற்குக் கரையிலும் 'பீட்' எனும் இத்தகைய மண் உண்டு.

கேடும் அதனுடனேயே பிறக்கிறது. கடல்நீரின் கந்தகம் சேற்றிலுள்ள இரும்புடன் கூடி மண்ணில் தங்கும். நீரில் மூழ்கியிருக்குமளவும் தீங்கில்லை. நிலத்தை வடித்து உலரவிட்டாலோ காற்றுப்பட்டுக் கந்தக அமிலமாகும், வேர் கெடும். ஆதலின் அங்குள்ளோர் வயலை நீரால் அலசிச் சுண்ணாம்பிடுகின்றனர். வடித்த பீட் நிலம் ஆண்டுதோறும் தாழ்ந்துபோவதுமன்றித் தீயும் பற்றும். 1997-ல் இந்தோனேசியாவில் எரிந்த இந்நிலங்களின் புகை மலேசியாவையும் மூடிற்று.

சிவகங்கைச் சீமையின் நிலைமை இதற்கு நேர்மாறானது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பெருகும் கண்மாய் பெரும்பாலும் கோடையில் வற்றிவிடும். வெயிலும் காற்றும் மட்கைத் தின்றுவிடும். எனவே இங்குள்ள வண்டலில் களியும் நுண்மண்ணுமே பெரும்பகுதி. மணற்பாங்கான நிலத்தில் அது ஈரத்தைப் பிடித்துவைக்கும், தொழுவுரத்திற்கு ஈடாகாது. வண்டலடித்த வயலுக்குச் சாணவுரமும், கொழிஞ்சி, தக்கைப்பூண்டு போன்ற தழையும் தனியே இடவேண்டும். வெண்மையாக உப்புப் பூத்த வண்டலை வண்டியேற்றாதிருப்பதே நலம். அனுமதி வழங்கும் அதிகாரிகள், கரையின் அடிவாரத்தையொட்டி எவரும் வெட்டாதவாறு பார்த்துக்கொள்வாராக.