பந்தியில் விழும் சொல்

போன மாதம் ஒரு காதுகுத்துப் பந்தி. எதிர் வரிசையில் ஒன்பதாம் வகுப்புப் பெண். இலையில் கேசரி விழுந்ததும் பக்கத்திலிருந்த அத்தை, "போதும்டி, இப்பவே பூசணிக்கா மாதிரி இருக்கே" என்றார். பந்தியே சிரித்தது. அவளும் சிரித்தாள். அப்பளத்தை நொறுக்கிச் சோற்றுக்குள் தள்ளிவிட்டு, ரசம் வருவதற்குள் இலையை மூடி எழுந்துவிட்டாள்.

எடை கூடிவருவது உண்மை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் எடை மிகுந்தவர்கள். 2015-16இல் அது 31. பாக்கெட் தீனி, செல்போன், விளையாட்டு நேரத்தை விழுங்கும் டியூஷன் எல்லாம் காரணம்தான். என் கவலையெல்லாம் அந்த மூடிய இலையைப் பற்றி.

வயதுக்கு வரும் காலத்தில் பெண் உடம்பில் சதை போடுவது இயற்கை. அதைக் கேலி செய்தால், பட்டினியில் தொடங்கும் பிள்ளை, பசி தாங்காமல் ஒருநாள் அள்ளித் தின்று, குற்ற உணர்வில் விரலை விட்டு வாந்தி எடுக்கலாம். இதற்கு 'புலிமியா' என்று பெயரிட்டு 1979இல் விவரித்தவர் பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜெரால்ட் ரஸ்ஸல். விரல் முட்டியில் பல் பட்டுக் காய்த்த தழும்பு அவர் சொன்ன அடையாளம். பல்லின் உட்புறம் அரிக்கும், கன்னம் உப்பும். பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறலாம். எடை மட்டும் பெரும்பாலும் சாதாரணமாக இருக்கும். அதனால் வீட்டில் தெரியாது. பட்டினியால் மெலிந்தாலோ, "இளைச்சு அழகாயிட்டே" என்று பாராட்டே கிடைக்கும்.

பருத்த உடம்பை மதித்த ஃபிஜி தீவில், 1995இல் ஒரு பகுதிக்கு டிவி வந்தது. மூன்றே ஆண்டில் அங்கே பள்ளி மாணவிகளில் நூற்றுக்கு 11 பேர் எடை குறைக்க வாந்தி எடுப்பதாகச் சொன்னார்கள். டிவியைக் குறை சொல்பவர்கள் இதைக் காட்டுவார்கள், சரிதான். ஆனால் டிவியில் வருபவர் யாரோ. பந்தியில் சொல்பவர் தூக்கி வளர்த்தவர். 'நோஞ்சான்' என்று பேர் வாங்கிய பையன் புரோட்டீன் பவுடர் டப்பாவைத் தேடுவதும் இப்படித்தான்.

பெற்றோரே, சாப்பிட்ட கையோடு பிள்ளை தினமும் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டால், டிபன் பாக்ஸ் தொடாமலே திரும்பினால், மாதவிலக்கு மூன்று மாதம் நின்றால், திட்டாமல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம். உறவுக்காரர் யாராவது பிள்ளையின் உடம்பைப் பற்றிப் பேச்செடுத்தால், அந்த இடத்திலேயே, அவள் காதுபட, நிறுத்தச் சொல்லுங்கள்.